ஒரு பதவியேற்புரையும் ஒரு சான்றிதழும்

2022 ஜூலை 25, திங்கட்கிழமை. ஆடிக்காற்று சேந்தமங்கலத்துத் தெருப் புழுதியையெல்லாம் அள்ளி டீக்கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் டிவி ஓடியது. பாராளுமன்ற மைய மண்டபத்தில் திரௌபதி முர்மு பதவியேற்றுக்கொண்டிருந்தார். தலைமை நீதிபதி என்.வி.ரமணா உறுதிமொழி வாசிக்க, அவர் திருப்பிச் சொன்னார். அப்புறம் இந்தியில் பேச ஆரம்பித்தார். கடையில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சேனலை மாத்துப்பா என்றுகூட ஒரு குரல் வந்தது.

என் பக்கத்தில் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் சாக்குப்பையில் ஒரு பலாப்பழம். வாசனை கடை முழுக்க. அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்கு மிளகு கொண்டுவந்து போடுகிற குடும்பம். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, உனக்கு அந்த பாஷ தெரியுமில்ல. என்ன சொல்லுது அந்தம்மா?"

எனக்கு இந்தி தெரியும். நாமக்கல் லாரிக்காரர்களின் புக்கிங் ஆபீஸ் ஒன்றில், நாக்பூரில், பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். கேட்டதை அப்படியே சொன்னேன். "தான் இந்தப் பதவிக்கு வந்தது தன்னோட சொந்தச் சாதனை இல்லியாம். நாட்டுல இருக்கற ஒவ்வொரு ஏழையோட சாதனையுமாம்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்முளுதும் அதுல சேத்தியா?"

"சேத்திதான்."

"நல்லா இருக்கட்டும்," என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்தபடி, "எனக்கு வர்ற பங்கு எவ்வளவுன்னு சொல்லுச்சா?"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வேடிக்கையில்லை என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே தோன்றிவிட்டது. ஒருவருடைய சாதனை, அதைச் சாதிக்காத இன்னொருவருடையதாக எப்படி ஆகும்? இதைத்தான் இந்த மூன்று நான்கு வருஷமாக அவ்வப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 60ஆவது பிரிவு வார்த்தை வார்த்தையாகக் கொடுத்திருக்கிறது. அரசியலமைப்பைக் காப்பேன், இந்திய மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்கிற உறுதிமொழி. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அதற்குப் பிறகு நிகழ்த்தும் உரையை எந்தப் பிரிவும் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். உறுதிமொழிதான் சட்டத்தில் இருக்கிறது, உரை 1789இல் வாஷிங்டன் தொடங்கிவைத்த பழக்கம். பாராளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நம் குடியரசுத் தலைவர் வாசிப்பது அமைச்சரவை எழுதிக் கொடுக்கும் உரை, அதில் 'எனது அரசு' என்று வரும். பதவியேற்பு நாளில் பேசுவதில்தான் அந்த மனிதரின் ஊரும் வீடும் எட்டிப்பார்க்கும். பிரணாப் முகர்ஜி 2012இல் ஒரு வங்கக் கிராமத்தின் சின்ன விளக்கைப் பற்றிப் பேசினார். பசியைவிடக் கேவலமான அவமானம் இல்லை என்றார். ராம்நாத் கோவிந்த் 2017இல் தான் வளர்ந்த மண்வீட்டைச் சொன்னார். யாரும் கேட்காமல் சொல்கிற சொற்கள் இவை. கேட்காமல் சொன்ன சொல்லுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்பது என் கட்சி. கட்டாயத்தில் சொன்னதற்குச் சட்டம் பொறுப்பு. தானாகச் சொன்னதற்குச் சொன்னவர்தான் பொறுப்பு.

முர்முவின் உரை 'ஜோஹார்' என்று ஆரம்பித்தது. சந்தால்களும் ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கத்துப் பழங்குடிகள் பலரும் சொல்லும் வணக்கம். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் வணக்கம் என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற நரைத்த கிழவரையும் எங்கள் அப்பா "வாடா" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பதிலுக்கு "சாமி" என்பார்கள். பத்து வயதுப் பையனான என்னையும் "சின்ன சாமி". இது கொடுமை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அப்பா கெட்டவரும் இல்லை. ராத்திரியில் பஸ் போய்விட்டால் கடைத் திண்ணையில் படுக்கச் சொல்லிச் சோறு போடுவார். ஆனால் "வாங்க" என்ற ஒரு சொல் அவர் வாயில் அவர்களுக்காக வந்ததே இல்லை. இன்று அந்தப் பெரியவர் என்னைத் "தம்பி" என்கிறார், நான் "அண்ணா" என்கிறேன். இவ்வளவு தூரம் வர எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. ஆகவே நாட்டின் மிகப் பெரிய மண்டபத்தில் ஒரு மலைவாசி வணக்கம் முதலில் ஒலித்ததைச் சும்மா அலங்காரம் என்று என்னால் தள்ள முடியாது.

அடுத்து அவர் சொன்ன பெயர்கள். சந்தால், பைகா, கோல், பீல் எழுச்சிகளைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் 'கிராந்தி', அதாவது புரட்சி, என்ற சொல்லைப் போட்டார். 1855இன் சந்தால் எழுச்சியும் 1831இல் கிளம்பிய கோல் எழுச்சியும் வெள்ளைக்காரன் ஆவணங்களில் கலகங்கள்தான். நாமும் வேலூரில் 1806இல் நடந்ததை ரொம்ப நாள் சிப்பாய்க் கலகம் என்றுதானே படித்தோம். கலகம் என்றால் அடக்க வேண்டியது, புரட்சி என்றால் வணங்க வேண்டியது. ஒரு சொல்லை மாற்றினால் தூக்கில் தொங்கியவன் தியாகியாகிறான். (பைகாக்கள் பழங்குடிகள் அல்லர், மானிய நிலம் பெற்ற படைக்குடிகள். வரலாற்று ஆசிரியர்கள் இங்கே கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.)

பெண்களைச் சொல்லும்போது ஜான்சி ராணி, கைதின்லியு, கித்தூர் சென்னம்மா ஆகியோரோடு நம் வேலு நாச்சியார் பெயரையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். 1772இல் காளையார்கோயிலில் கணவரை இழந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டவர். பெருமைதான். ஆனால் பெயர் சொல்வதில் ஒரு தந்திரமும் உண்டு. எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் ஓரியின் வில்லையும் கொடையையும் சொல்லி மலைமக்களைப் பாராட்டுவார்கள். செம்மேட்டில் ஓரிக்குச் சிலையும் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மலையில் வாழும் மலையாளிகள் தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றுதான் கதை சொல்கிறார்கள். (மலையை ஆள்கிறவர் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு அலுத்துவிட்டது.) அவர்கள் வீட்டுக் கதையில் ஓரி முன்னோர் இல்லை. நமக்குத் தெரிந்த பெயரைச் சொல்லி அவர்களைக் கௌரவித்துவிட்டதாக நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த உரையில் மூன்று சொற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. உப்லப்தி, சபூத், பிரதிபிம்ப். இந்தப் பதவி ஏழைகளின் சாதனை. ஏழை கனவு காணவும் அதை நிறைவேற்றவும் முடியும் என்பதற்கு இது சான்று. நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்டவர்கள் என்னிடம் தங்கள் பிரதிபிம்பத்தைப் பார்க்கிறார்கள். கேட்க ஒன்று போலத் தோன்றினாலும் இவை மூன்றும் மூன்று வேறு விஷயங்கள்.

சான்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடியாது என்று சொன்ன ஒன்றை ஒரே ஒருவர் செய்துவிட்டால் போதும், 'முடியாது' பொய்யாகிவிடும். மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா கிராமத்தில் இருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போன பெண், வார்டு கவுன்சிலராகத் தொடங்கி இங்கே வந்து நிற்கிறார். இது சான்றுதான். ஆனால் எதற்குச் சான்று? ஒருவன் காரவள்ளியிலிருந்து கால்நடையாகக் கொல்லிமலை ஏறிவிட்டால், அந்த மலை ஏறக்கூடியது என்று தெரிகிறது. அதனால் கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு இறக்க வழி கிடைத்துவிடுவதில்லை. அதற்கு எழுபது கொண்டை ஊசி வளைவோடு ஒரு ரோடு போட வேண்டியிருந்தது. சான்று வேறு, சாலை வேறு. சான்றைக் காட்டிச் சாலை கேட்பவர்களின் வாயை அடைக்கவும் முடியும் என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து. "அந்தம்மா வரலையா? நீ ஏன் வரல?"

பிரதிபிம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் முகம் பார்ப்பது சந்தோஷம். பார்த்தவன் திரும்பி அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

சாதனைதான் சிக்கல். நம் பையன் ப்ளஸ் டூவில் மாவட்ட முதல் மார்க் வாங்கினால் ஊரே பெருமைப்படுகிறது. அது நியாயம். அவனை வளர்த்ததில், படிக்க வைத்ததில், ராத்திரி ரேடியோ சத்தத்தைக் குறைத்ததில் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் முர்மு குடியரசுத் தலைவர் ஆனதில் இந்தப் பெரியவரின் பங்கு என்ன? கணக்குப் பார்த்தால் ஒன்று கிடைக்கும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு, ஏற்காடும் எங்கள் சேந்தமங்கலமும். இந்தத் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருடைய ஓட்டின் மதிப்பு 176. அன்றைக்கு ஏற்காடு அதிமுக கையில், அந்தக் கட்சி முர்முவை ஆதரித்தது. சேந்தமங்கலம் திமுக கையில், அந்தக் கட்சி யஷ்வந்த் சின்ஹாவை ஆதரித்தது. ரகசிய வாக்கெடுப்பு, யார் யாருக்குப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆக மாநிலத்தின் இரண்டு பழங்குடித் தொகுதிகளே கட்சிக் கணக்கில் இரண்டு பக்கம் நின்றன. "ஒவ்வொரு ஏழையும்" என்ற சொல் அந்தக் கோட்டை ஒரே எட்டில் தாண்டிவிட்டது.

கே.ஆர்.நாராயணன் 1997இல் இதே ஜூலை 25இல் இதே மண்டபத்தில் இதே இடத்துக்கு வந்து நின்றவர். முதல் தலித் குடியரசுத் தலைவர். அவர் சொன்னது கொஞ்சம் வேறு. இந்த மண்ணின் புழுதியிலும் வெயிலிலும் வளர்ந்த ஒருவனை நாடு கருத்தொருமித்துத் தேர்ந்தெடுத்திருப்பது, சாமானியனின் கவலைகள் மையத்துக்கு வந்துவிட்டதன் அடையாளம் என்றார். தன் சொந்தக் கௌரவத்தைவிட அதுவே தனக்கு மகிழ்ச்சி என்றார். அவர் சாதனையைப் பங்கிடவில்லை. அடையாளம் என்றார். அடையாளத்தை ஒருவர் சோதித்துப் பார்க்கலாம். கவலைகள் மையத்துக்கு வந்தனவா, இல்லையா? இல்லையென்றால் அடையாளம் பொய் என்று சொல்லலாம். "உன்னுடைய சாதனையும்தான்" என்று ஒருவர் அன்பாகச் சொல்லும்போது அப்படிச் சோதிக்க முடியாது. இல்லை என்று மறுத்தால் நாமே நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுவோம். இதனால் நாராயணனின் வாக்கியம்தான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. மனதைத் தொடுவது முர்முவுடையது என்பதையும் ஒளிக்கவில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் நான் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். அதே உரையில் அவர் பீம போயியைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒடியா கவிஞர், மகிமா தர்மத்தைப் பாடியவர், கோந்த் பழங்குடி என்று சொல்லப்படுகிறவர். தன் உயிர் நரகத்தில் கிடந்தாலும் சரி, உலகம் உய்ய வேண்டும் என்று அவர் வேண்டியதை முர்மு எடுத்துச் சொன்னார். இதைக் கேட்டதும் தமிழ்க் காதுக்குத் திருக்கோஷ்டியூர் ஞாபகம் வரும். குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை ராமானுஜர் கோயிலின் மேலேறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார். நரகம் போவாய் என்றார் குரு. நான் ஒருவன் போனால் என்ன, இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார் சீடர். குருபரம்பரைக் கதை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'என் பேறு உங்களுடையது' என்பது ஒரு திசை. 'உங்கள் துன்பம் என்னுடையது' என்பது எதிர்த் திசை. முதலாவதைச் சொல்வதற்குச் செலவில்லை. இரண்டாவதற்கு உண்டு. இரண்டாவது நடக்கும்போதுதான் முதலாவது உண்மையாகிறது என்று நினைக்கிறேன். பங்கு என்பது லாபத்தில் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் கூட்டு வியாபாரம் இல்லையே.

இதை நான் அந்தப் பெரியவரிடம் இன்னொரு நாள் சொல்லிப் பார்த்தேன். நரகம், மந்திரம் எல்லாம் சொல்லி. அவர் ஒரே வரியில் முடித்தார். "சீட்டு மாதிரிதான். மொத சீட்டு எடுத்தவங்க கடைசி மாசம் வரைக்கும் கட்டோணுமில்ல."

எங்கள் ஊர்களில் ஏலச்சீட்டு போடாத தெரு இல்லை. இருபது பேர் மாதாமாதம் கட்டுகிறார்கள். யாரோ ஒருவர் முதலில் எடுக்கிறார். அவர் எடுத்தது அவர் பணம் மட்டுமில்லை, இருபது பேர் பணம். அதில் தப்பில்லை, யாராவது ஒருவர் முதலில் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு அவர் கட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. 'முதல் பெண்', 'முதல் தலித்', 'முதல் பழங்குடி' என்று நாம் கொண்டாடும்போதெல்லாம் சீட்டு எடுத்த நாளைத்தான் கொண்டாடுகிறோம். தவணை கட்டும் நாட்களில் யாரும் மாலையோடு வருவதில்லை.

முர்மு கட்டியிருக்கிறாரா? சில தவணைகள் கட்டியிருக்கிறார். ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடி நிலங்களைக் காக்கும் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா குத்தகைச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்களை 2017இல் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அங்கே ஆண்டது அவரை ஆளுநராக்கிய அதே கட்சி. குடியரசுத் தலைவராகி நான்கு மாதத்தில், 2022 நவம்பர் 26 அரசியலமைப்பு தின விழாவில், தயாரித்த உரையை ஒதுக்கிவிட்டு இந்தியில் பேசினார். சின்னக் குற்றத்துக்குச் சிறைக்குப் போய், வெளியே எடுக்க வழியில்லாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி. நாடு முன்னேறுகிறதென்றால் புதிய சிறைகள் எதற்கு என்று நீதிபதிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் விவரங்களைச் சிறைகளிடம் கேட்டது. பதவியேற்புரையில் எத்தனையோ பெயர்கள் வந்தன. பெயரில்லாத இந்தக் கைதிகள்தான் எனக்கு அவற்றைவிடப் பெரியவர்களாகத் தெரிந்தார்கள்.

கட்டாத தவணையும் உண்டு. வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 ஆகஸ்டில் அவர் ஒப்புதலோடு சட்டமானது. காட்டு நிலத்தில் கிராம சபையின் சம்மதம் வலுவிழக்கும் என்று பழங்குடி அமைப்புகள் பலவும் எதிர்த்த திருத்தம் அது. 74ஆவது பிரிவின்படி அமைச்சரவையின் ஆலோசனையை மீற முடியாது என்பார்கள். சரிதான். ராஞ்சியில் திருப்பி அனுப்பிய கை டில்லியில் கட்டப்பட்டிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அத்தனை பேருடைய சாதனை என்று சொன்ன பதவியின் கொள்ளளவு அவ்வளவுதான். அதையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

குடியரசுத் தலைவரின் சொல் அலங்காரமாக இல்லாமல் நேரடியாகச் சோறு போடும் ஓர் இடம் உண்டு. யார் பழங்குடி என்று தீர்மானிக்கும் பட்டியல். 342ஆவது பிரிவின்படி அது 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையாகவே வெளிவந்தது. பிறகு பாராளுமன்றம் சட்டமியற்றித் திருத்தலாம். நரிக்குறவரும் குருவிக்காரரும் அப்படித்தான் 2023 தொடக்கத்தில், முர்முவின் ஒப்புதலோடு தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஊர் ஊராக ஊசிமணி விற்றவர்களின் நெடுநாள் கோரிக்கை. இதுவும் ஒரு தவணைதான். அதே பட்டியலில் மலையாளிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் சில பழைய மாவட்டங்களின் பெயர்கள், சேலம், தருமபுரி என்று. கோயம்புத்தூர் அதில் இல்லை. அதனால் கொல்லிமலை மலையாளி பழங்குடி. அந்தப் பழைய கோவை மாவட்டத்தில் இருந்து இன்று ஈரோட்டில் இருக்கும் பர்கூர் மலையாளி பழங்குடி இல்லை. அதே சாமி, அதே பேச்சு. ஒரு கமா, ஒரு ஊர்ப்பெயர் விட்டுப்போனதில் தலைமுறைகள் போகின்றன. பிரதிபிம்பம் பர்கூரிலும்தான் தெரிந்திருக்கும்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் முடிந்துவிடவில்லை. அன்றைக்கு அந்தப் பெரியவர் பலாப்பழத்தோடு இறங்கி வந்தது டிவி பார்க்க இல்லை. பேத்திக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைக்கும்போல இருந்தது. சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிவு செய்து, விசாரணைக்கு ஒருவர், அறிக்கைக்கு ஒருவர் என்று அது நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ. ஓர் அலுவலகத்தில் "உங்க தாத்தா பழங்குடின்னு என்ன சான்று?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மலையைத் தவிர வேறு எதையும் தெரியாத தாத்தாவுக்கு என்ன சான்று காட்டுவது? பலாப்பழம் அங்கே யாருக்கோ கொடுக்கத்தான். கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டிவியில் 'சபூத்' என்ற சொல் வந்தது. சான்று. நான் அதை அவருக்கு மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். ஏனோ வாய் வரவில்லை.

செப்டம்பரில் சான்றிதழ் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அதைப் பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். பெயர், ஊர், இனம், கீழே 1950ஆம் ஆண்டு ஆணை என்று ஒரு வரி. அந்த வரியில் விரலை வைத்து, இது நாட்டின் முதல் ஜனாதிபதி போட்ட ஆர்டர் என்றேன்.

"அந்தம்மா இல்லியா?"

"இல்லண்ணா. அதுக்கும் ரொம்ப முந்தி."

தலையாட்டினார். கவரைத் திரும்ப மடித்து, "காலேஜுல ரெண்டு ஜெராக்ஸ் கேட்டாங்க தம்பி. நாலா எடுத்துக்கலாமா? மறுக்கா இதுக்குன்னு எறங்க முடியாது," என்றார். எடுத்துக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "உள்ள வந்து உக்காருங்க" என்றேன். திண்ணையே போதும் என்றார்.